மிச்ச நெல் எது? வன்னிக் கமக்காரருக்கு ஒரு கணக்கு

மாசி மாதம். அறுவடை மெசின் வயல் ஓரத்தில் நின்று குழாயால் நெல்லை உழவு இயந்திரப் பெட்டிக்குள் கொட்டுகிறது. வரப்பில் நிற்கிற எவருக்கும் அந்த நேரம் மனம் நிறையும். உரம், மருந்து, தண்ணீர், மழை, யானை என்று நாலு மாதம் பயந்து பயந்து வளர்த்தது கண்முன்னே பொன்னிறமாகக் குவிகிறது. பிழையான முடிவுகள் பல எடுக்கப்படுவதும் அந்த நேரத்தில்தான். லொறி அந்த வரப்படியிலேயே காத்து நிற்கும். "வீட்டுக்கு எவ்வளவு ஏத்துறது, லொறிக்கு எவ்வளவு ஏத்துறது?" என்று மெசின்காரப் பெடியன் கேட்பான். அவனுக்கு உடனே பதில் வேண்டும். குவியலின் உயரத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், ஐப்பசியில் கடையில் அரிசி வாங்கி உண்ண வேண்டி வரும்.

மாடு விட்டுச் சூடடித்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. களவெட்டியில் தூற்றிக் குவித்த நெல்லைப் 'பொலி' என்பார்கள். அளக்கத் தொடங்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அளக்க அளக்கப் பங்கு பிரிந்தது. விதைக்கு ஒரு பக்கம், கோயிலுக்கு ஒரு பக்கம், வெட்டினவருக்கும் அடித்தவருக்கும் கூலி ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். எல்லாம் போனபின் நிலத்தில் கிடந்ததே மிச்சம் என்று பிள்ளைகளுக்கும் தெரிந்தது. மெசின் வந்தபின் ஏக்கர் கணக்கில் வெட்டி ஒரு மணித்தியாலத்தில் பெட்டி நிரம்பிவிடுகிறது. மெசினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அது இல்லாவிட்டால் மழைக்கு முன் வெட்டி முடியாது. ஆனால் களவெட்டியில் தானாக நடந்த அந்தப் பங்கு பிரிப்பை இனி நாங்கள் பேனையும் கொப்பியும் எடுத்து, வெட்டுக்கு ஒரு கிழமை முன்னாலேயே செய்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 ஏக்கர் காலபோகம் (மாரி மழையோடு விதைக்கும் பெரிய போகம்), குளத்துப் பாய்ச்சல் உள்ள வயல், ஐந்து பேர் உள்ள வீடு. மெசின் கொட்டியது 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கழிக்கிற ஒழுங்கு மட்டும் மாறாது.

முதலில் தண்ணீரைக் கழியுங்கள். மெசின் வெட்டிய நெல்லில் ஈரம் 20 முதல் 24 வீதம் வரை இருக்கும். வைத்து உண்ணவோ நல்ல விலைக்கு விற்கவோ அது 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். 22 வீத ஈரத்தில் இருக்கும் 5,000 கிலோ, 14 வீதத்துக்குக் காய்ந்தால் 4,535 கிலோ ஆகும். 465 கிலோ வெறும் தண்ணீர். பிறகு தூற்றினால் பதரும் சப்பியும் தூசியும் ஒரு 3 வீதம் போகும். கையில் நிற்பது 4,400 கிலோ. பெட்டி நிறையக் கண்ட நெல்லில் 600 கிலோ அங்கே இருக்கவே இல்லை.

இந்த ஈரக் கணக்கு விற்கும்போதும் உதவும். ஈரநெல் வாங்குபவர் மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். 70 கிலோ மூடையில் 22 வீத ஈரம் இருந்தால் நியாயமான கழிவு ஆறரைக் கிலோ. 18 வீதம் என்றால் மூன்றேகால் கிலோ. அதற்கு மேல் கழித்தால் உங்கள் நெல் சும்மா போகிறது. மூடை என்றால் எத்தனை கிலோ என்பதையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மூடையின் நிறை வேறுபடும். புசல் என்றால் ஏறக்குறைய 21 கிலோ, அதில் பெரிய குழப்பம் இல்லை.

இரண்டாவது கடன். உழவு, உரம், களைநாசினி, மெசின் கூலி, குத்தகைக் காணி என்றால் அதன் குத்தகை, எல்லாவற்றையும் ரூபாயில் கூட்டி, வெட்டு நேரத்து நெல் விலையால் பிரித்து, கிலோவாக எழுதுங்கள். ரூபாயில் இருக்கும்வரை கடன் சின்னதாகத் தெரியும். கிலோவாக மாற்றினால்தான் குவியலில் அது பிடிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கணக்கில் 2,000 கிலோ என்று வைப்போம். உரம் கடனாக வாங்கி நெல்லாகக் கொடுப்பதாகப் பேசியிருந்தால், பேசிய அன்றே எத்தனை கிலோ என்று எழுதி வையுங்கள். வெட்டு நேரத்து விலைதான் வருடத்தில் மிகக் குறைந்த விலை. எல்லாருடைய நெல்லும் மாசி, பங்குனியில் ஒன்றாகச் சந்தைக்கு வருவதால் அப்படி. அந்த விலையில் கடனைத் தீர்க்கும்போது, வாங்கிய உரம் எழுதிய விலையைவிட அதிகமான நெல்லைத் தின்றுவிடும்.

மூன்றாவது விதை. ஏக்கருக்கு 2 புசல், அதாவது 42 கிலோ. 3 ஏக்கருக்கு 126 கிலோ. ஆனால் வன்னியில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து ஒரு கிழமையில் அடைமழை பிடித்தால் முளை அழுகிப்போகும். திரும்ப விதைக்க இன்னொரு 126 கிலோ வேண்டும். 250 கிலோ என்று எழுதுங்கள். இந்த இரண்டாவது பங்கைத்தான் பலர் மிச்சம் என்று நினைத்து விற்கிறார்கள்.

விதை நெல்லில் ஒரு முக்கியமான விடயம். மெசின் உங்கள் வயலுக்கு வரும்போது அடுத்தவரின் வயலில் வெட்டிய நெல்லும் களைநெல்லும் அதன் வயிற்றுக்குள் கிடக்கும். அதனால் முதல் இரண்டு மூன்று மூடையை விதைக்கு எடுக்காதீர்கள். முடிந்தால் களைநெல் இல்லாத, சாயாத ஒரு துண்டைத் தெரிந்து கையால் அருவி வெட்டி (அரிவாளால் அறுத்து), தனியாக அடித்து, 12 அல்லது 13 வீதத்துக்குக் காய வைத்து, பெயரெழுதிக் கட்டி வையுங்கள். ஆட்டக்காரி, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்கள் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். கலந்துவிட்டால் கடையில் போய் வாங்க முடியாது. விதைப்புக்கு ஒரு மாதம் முன் 100 நெல்லை எண்ணி ஈரச் சீலையில் சுற்றி நிழலில் வைத்து, சீலை காயாமல் தெளித்து வந்தால், ஒரு கிழமைக்குள் எத்தனை முளைத்தது என்று தெரிந்துவிடும். 85க்கு மேல் என்றால் நல்ல விதை. 70 என்றால் கூட்டி விதைக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அவித்துக் குத்தி உண்ணுங்கள். வெட்டின கிழமையே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், புதுநெல்லுக்கு ஒரு உறக்கம் இருக்கும். நல்ல விதையையும் அது கெட்டது என்று காட்டிவிடும்.

நான்காவது சாப்பாடு. பெரியவர் ஒருவருக்கு, சோறு, பிட்டு, இடியப்பம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 350 கிராம் அரிசி என்று கணக்குப் பார்க்கலாம். பெரியவர் மூன்று பேரும் சிறுவர் இருவரும் உள்ள வீட்டை நாலு பெரியவராக எண்ணினால் வருடத்துக்கு 511 கிலோ அரிசி. நெல்லில் அரிசி 65 வீதம் வரும் என்பதால் 786 கிலோ நெல். விருந்தாளி, திவசம், வீட்டுப் பொங்கல் என்று கூட்டி 900 கிலோ. இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். 12 மாதச் சாப்பாட்டை மட்டும் வைத்தால் போதாது, 14 மாதத்துக்கு வைக்க வேண்டும். மழை பிந்தினால் விதைப்புப் பிந்தும், விதைப்புப் பிந்தினால் வெட்டுப் பிந்தும். வெட்டியபின் காய்ந்து, அவித்து, குத்தி உலைக்கு வர இன்னும் ஒரு மாதம். அந்த மேலதிக இரண்டு மாதத்துக்கு 130 கிலோ. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அடுத்த காலபோகம் விளைச்சல் விழுந்து, 2022இல் அரிசி விலை ஏறிய ஏற்றத்தில், முந்திய வருடத்து நெல் கொஞ்சமாவது கையில் இருந்த வீடுகளுக்கு அந்த 130 கிலோவின் அருமை தெரியும்.

ஐந்தாவது கொடுப்பனவு. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலுக்குப் பச்சையரிசி, மடுமாதா திருவிழாவுக்குப் போகிறவர்களின் செலவு, நெல் விதைக்காத தங்கச்சி வீட்டுக்கு ஒரு மூடை, தனியே இருக்கிற பெரியம்மாவுக்கு அரை மூடை. இவை எல்லாம் நாள் தெரிந்த செலவுகள், எதிர்பாராதவை என்று சொல்ல முடியாது. 120 கிலோ என்று எழுதுங்கள். கொடுப்பதை மிச்சத்திலிருந்து கொடுக்கலாம் என்று பின்னுக்குத் தள்ளினால் அது கடைசியில் நடக்காது.

4,400இல் இவ்வளவும் போக நிற்பது 1,000 கிலோ. மெசின் கொட்டிய 5,000இல் ஐந்தில் ஒரு பங்கு. வரப்பில் நிற்கிற லொறிக்கு 'மிச்சம்' என்று ஏற்றக்கூடியது அவ்வளவே. கடனுக்கான 2,000ஐ எப்படியும் விற்கத்தான் வேண்டும், ஆனால் அதை மிச்சம் என்று எண்ணக் கூடாது, அது முதலே அடுத்தவருடையது. சில வருடம் இந்தக் கணக்கின் முடிவில் சுழியன் வரும், மானாவாரி வயலுக்குச் சுழியனுக்குக் கீழும் வரும். வெட்டுக்கு முன்னாலேயே அது தெரிந்தால் சிறுபோகத்துக்கு (கோடையில் செய்யும் போகம்) உளுந்தா, பயறா, கூலி வேலையா என்று யோசிக்க நேரம் கிடைக்கும்.

இந்தக் கணக்கு முழுவதும் நெல் ஒழுங்காகக் காய்ந்தது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஈரநெல் மூடையில் கட்டிக் கிடந்தால் ஒரு இரவு, ஒரு பகல்தான் பொறுக்கும். பிறகு உள்ளுக்குள் சூடேறும். சந்தேகம் என்றால் மூடையை அவிழ்த்து முழங்கை மட்டும் கையை உள்ளே விடுங்கள். வெளியில் உள்ளதைவிட உள்ளே இளஞ்சூடாக இருந்தால், இரவு பத்து மணியானாலும் அப்போதே கொட்டிப் பரப்ப வேண்டும். விடியட்டும் என்று விட்டால் அரிசி மஞ்சளாகும். புளித்த மணம் ஏறினால் எத்தனை தரம் கழுவினாலும் சோற்றில் அது இருக்கும்.

சிமெந்துத் தரையோ தறப்பாளோ, நெல் இரண்டு விரல் தடிப்புக்கு மேல் இருக்கக் கூடாது. மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் காயும் என்று ஒரு விரலுக்கும் குறைவாகப் பரப்புவதும் பிழை. மாசி வெய்யிலில் அது வெடித்து, குத்தும்போது குறுணலாகும். அரை மணிக்கு ஒருமுறை காலாலோ பலகையாலோ சால் விட்டுக் கிண்டுங்கள், ஒருமுறை நெடுக்காக, மறுமுறை குறுக்காக. உச்சி வெய்யிலில் தரை கால் வைக்க முடியாமல் சுட்டால் நெல்லைக் கூட்டிக் குவித்து ஒரு சாக்கால் மூடி இரண்டு மணித்தியாலம் விடுங்கள். உள்ளே உள்ள ஈரம் வெளியே வந்து சமனாகும். பிறகு பரப்பினால் வெடிப்பு மிகக் குறையும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே குவித்து மூட வேண்டும், தை, மாசிப் பனி ஒரு இரவில் பகல் வேலை முழுவதையும் திருப்பிவிடும். காலையில் தறப்பாளைத் தூக்கும்போது அதன் அடியில் வேர்த்த தண்ணீர் நெல்லில் சொட்டாமல் ஓரத்துக்கு இழுத்து எடுங்கள்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்தில் நெல் காய்வதை மாசியில் எல்லாரும் காணலாம். இடமில்லாதவர்கள் வேறென்ன செய்வது. ஆனால் தாரின் சூடும் வாகனச் சில்லும் நெல்லை உடைக்கும், குறுணிக்கல் கலக்கும், இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் வருபவர் குவியலில் ஏறி விழுவார். கமக்காரர் அமைப்போ கோயிலோ பள்ளிக்கூடமோ, பெரிய சிமெந்துத் தளம் வைத்திருப்பவர்களிடம் முறை வைத்துக் கேட்டால் பல ஊர்களில் கிடைக்கும். வெட்டு நாளை அதற்கு ஏற்ப இரண்டு நாள் தள்ளினாலும் நட்டம் இல்லை.

நல்ல வெய்யிலில் இரண்டு நாள் போதும். ஈரமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பல்லிடுக்கில் ஒரு மணியை வைத்துக் கடியுங்கள். 'டக்' என்று இரண்டாக உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னும் ஒரு வெய்யில் வேண்டும். ஒரு மணியை மட்டும் பார்க்காமல், குவியலின் நடுவில் இருந்து பத்து மணி எடுத்துப் பாருங்கள். காய்ந்த நெல்லைச் சுடச்சுட மூடையில் கட்டவே கூடாது. ஒரு இரவு ஆறவிட்டுக் காலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டிய நெல் சாக்குக்குள் வேர்த்து, சாக்கின் உட்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

வைக்கிற இடம். நெல் சேமிக்கும் பழைய மண்கூடான கொம்பறை ஏன் நன்றாக வேலை செய்தது என்று யோசித்தால் இப்போதைய அறைக்கும் அதே விதிகள் பொருந்தும். கம்பு வரிந்து, மண்ணும் சாணியும் பூசி, கல்லுக்கு மேல் உயர்த்தி, மேலே அகலமான கூரை. மண்சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாது. சாணிப் பூச்சு வெடிப்பை அடைத்து வண்டு ஒளிக்க இடம் கொடாது. கல்லின் உயரம் கறையானையும் நில ஈரத்தையும் தடுக்கும். வாய் ஒன்றுதான், அதுவும் மூடியிருக்கும். இன்று பலர் தகரக் கொட்டிலில், சுவரோடு சாய்த்து, வெறுந்தரையில், உரப்பையில் அடுக்குகிறார்கள். தகரத்தின் கீழே நெல் சூடேறினால் அந்துப்பூச்சி கிழமைக் கணக்கில் பெருகும். கல்லடுக்கிப் பலகை போட்டுத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளுங்கள், ஆள் புகுந்து பார்க்கவும் பூனை புகுந்து எலி பிடிக்கவும் அந்த இடைவெளி வேண்டும். உரப்பையில் கட்டினால் ஒரு வரிசை நெடுக்காக, அடுத்தது குறுக்காக அடுக்காவிட்டால் வழுக்கிச் சரியும்.

வேப்பிலையும் நொச்சியும் இடையிடையே போடுவது நல்ல வழக்கம். ஆனால் இலையை நம்பி ஈரநெல்லை வைக்காதீர்கள். இலையும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையிலை போட்டால் அதன் ஈரமே பூஞ்சணத்துக்கு வழி. உண்ணுகிற நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு மூடையின் மேலேயும் ஒரு மூடையின் அடியிலும் ஒரு பிடி எடுத்துச் சுளகில் போட்டுப் பாருங்கள். அந்துப்பூச்சி மேல் வரிசையில்தான் இருக்கும், வண்டு ஆழத்துக்குப் போகும். வெள்ளை மாவும் ஓட்டை விழுந்த மணியும் கண்டால் அன்றே வெய்யிலில் பரப்புங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு வெய்யில் எப்படியும் காட்ட வேண்டும். புரட்டாதி முடிவதற்குள் இன்னொன்று. மாரி தொடங்கியபின் காற்றிலுள்ள ஈரத்தைக் காய்ந்த நெல்லும் உறிஞ்சும், அப்போது வெய்யிலுக்கு எங்கே போவது.

காட்டோர ஊர்களுக்கு ஒரு சொல். யானைக்கு நெல்லின் மணம் தெரியும். வீட்டுச் சுவரை உடைத்து மூடையை இழுத்த இடங்கள் வன்னியில் எத்தனையோ. படுக்கிற அறைக்குள்ளோ அதை ஒட்டியோ நெல் வைக்காதீர்கள். வயல்வாடியில் ஒரு மூடைகூட இரவு தங்கக் கூடாது. உங்கள் வீடு ஊரின் கடைசி வீடு என்றால், வைக்கிற நெல்லை ஊருக்கு நடுவில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள், அதற்கென்று அவருக்கு ஒரு மூடை கொடுத்தாலும் அது மலிவு. அப்படி இடம் இல்லாவிட்டால் சாப்பாட்டு நெல்லை வைத்துக்கொண்டு மற்றதை வேகமாக விற்பதே சரி. விலை குறைவு என்று யாரும் குறை சொல்ல முடியாது.

அவிப்பதும் குத்துவதும் மாதக் கணக்கில் நடக்க வேண்டும். உமியோடு இருக்கும்வரை நெல் பாதுகாப்பு. குத்தினபின், அதிலும் தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசி, சில கிழமையில் எண்ணெய் மணம் பிடிக்கும். மூன்று புசல் நெல்லைப் பரலில் (பீப்பாயில்) போட்டு, நெல்லுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் விட்டு, மிதக்கிற சப்பியை அள்ளிவிட்டு, 24 முதல் 36 மணித்தியாலம் ஊறவிடுங்கள். 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் அரிசி நாறும். பிறகு அடியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு ஆவியில் அவிக்க வேண்டும். மேல் நெல்லின் உமி வாய் பிளந்தால் இறக்குங்கள். அரிசி பிதுங்கி வெளியே வந்தால் வெந்தது கூடிவிட்டது. குத்திய அரிசியின் நடுவில் வெள்ளையாக இருந்தால் ஊறினது போதாது. ஒரே வெய்யிலில் முழுதாகக் காய வைக்காமல், முக்கால் பங்கு காய்ந்ததும் நிழலில் ஒரு இரவு குவித்து, மறுநாள் முடியுங்கள். உடையாமல் முழு அரிசி வருவதன் இரகசியம் அவ்வளவுதான். மில்லில் தவிடு யாருக்கு என்று குத்துவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். மாடும் கோழியும் உள்ள வீட்டுக்குத் தவிடும் குறுணலும் காசு.

விற்பதை மூன்று தடவையாகப் பிரியுங்கள். முதல் தடவை வெட்டு நேரத்தில், கடனுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். அதிலும் காய வைத்து விற்கலாம், நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும்போது 14 வீத ஈரம்தான் கேட்கும். இரண்டாவது தடவை வைகாசி, ஆனி. சிறுபோக நெல் ஆவணியில் சந்தைக்கு வந்தால் விலை திரும்பவும் இறங்கும், அதற்கு முன் அந்த 1,000 கிலோவை விற்று முடித்துவிட வேண்டும். இன்னும் ஏறும் என்று ஆவணி தாண்டிக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மூன்றாவது தடவையைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். மறுவிதைப்புக்கு வைத்த 126 கிலோவும், பிந்தினால் உண்ண வைத்த 130 கிலோவும் மிச்சமாவது அடுத்த காலபோகம் கதிர் முற்றிப் பழுத்து நிற்கும் நாளில். அந்த நாளில் வயலைப் பார்த்து, இந்த முறை நெல் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தபின் அவற்றை உண்ணலாம், விற்கலாம், கொடுக்கலாம். ஒரு நாள் முன்னால்கூட அது மிச்சமில்லை. மிச்சத்துக்கு அளவு இருப்பதுபோலத் திகதியும் இருக்கிறது.

எல்லாவற்றையும் நெல்லாக வைத்திருப்பதும் நல்லதல்ல. போரில் இடம்பெயர்ந்து நடந்த சனத்துக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கொம்பறை நிறைய நெல் இருந்தும் தூக்க முடிந்தது ஒரு சுளகு அரிசிதான். மேலதிகத்தில் ஒரு பங்கு பசுக்கன்றாக, ஒரு பங்கு பணமாக, ஒரு பங்கு உளுந்தாக இருக்கலாம். கச்சான் என்றால் கோதோடு, ஆட்டினால் பருப்புக் கலகலக்கும் மட்டும் காய வேண்டும். கறுத்த, பூஞ்சணம் பிடித்த பருப்பை மாட்டுக்கும் போடாதீர்கள், அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் போகாது. பூசணியைக் காம்போடு வெட்டி, ஒன்றில் ஒன்று முட்டாமல் பரணில் வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும், காம்பு முறிந்ததை முதலில் கறி வையுங்கள். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி மீன் மலியும்போது, நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. அதில் குறைத்தால் புழு வைக்கும்.

குளத்துக்கும் இதே கணக்குத்தான். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் (மேலதிக நீர் வழிந்தால்) ஊரே போய்ப் பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும், அது சந்தோசம். ஆனால் வான் பாய்ந்த தண்ணீர் எங்கள் கணக்கில் சேராது. தொடர்குளங்களில் அது கீழ்க்குளத்தின் வரவு. 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்டதுபோல, ஒரே இரவில் கூடிப்போனால் அது கீழ் ஊரின் வெள்ளம். எங்களுக்கு உள்ளது சித்திரையில் அளவுகோல் காட்டுகிற அடிதான். சிறுபோகக் கூட்டத்தில் அந்த அடியிலிருந்து மாடு குடிக்க, மீன் உயிரோடு இருக்க, கிணறுகள் ஊற என்று ஒரு பங்கை முதலே கழித்துவிட்டு, மிச்சத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். நெல்லுக்கு வேண்டிய தண்ணீரில் பாதிக்கும் குறைவே உளுந்துக்கும் பயறுக்கும் போதும். ஏக்கரைக் கூட்டிக் கேட்டு வாங்கிவிட்டு, ஆடி மாதம் கதிர் பறிகிற நேரம் துருசை (குளத்து மதகை) மூட வேண்டி வந்தால் எல்லாருடைய பயிரும் பதராகும்.

தை பிறந்து புதுநெல் வரப்போகிறது என்றால் பழைய இடத்தை முதலில் காலி செய்யுங்கள். எஞ்சிய நெல்லை அடிமட்டும் வழித்து எடுத்து, அதை முதலில் அவித்துச் சாப்பிட வேறாக வையுங்கள். புதுநெல்லைப் பழைய நெல்லின் மேல் ஒருநாளும் கொட்டாதீர்கள், ஒரு சுளகு பழைய நெல்லில் இருக்கும் வண்டு முழு வருடத்து நெல்லையும் பிடிக்கும். மூலையில் கிடக்கிற தூசியைக் கூட்டி நெருப்பில் போடுங்கள். சாக்குகளை உதறிக் கொதிநீரில் நனைத்து இரண்டு வெய்யில் காய வையுங்கள். கொம்பறை என்றால் வெடிப்பெல்லாம் மண் அப்பி, உள்ளும் புறமும் சாணி மெழுகி, வாயைத் திறந்து வைத்து ஒரு கிழமை காற்றோட விடுங்கள். அதற்குப் பிறகு முதல் மூடை ஏறலாம்.